சுர்மாக் கோல்

அரபு இலக்கணத்தில் 'இஸ்முல் ஆலத்' என்றொரு பாடம் உண்டு. வினைச்சொல்லிலிருந்து அவ்வினைக்குரிய கருவியின் பெயரை ஆக்கிக்கொள்ளும் முறையைக் கற்பிப்பது அது. திறப்பதற்குரியது 'மிஃப்தாஹ்', அதாவது திறவுகோல்; கூட்டிப் பெருக்குவதற்குரியது 'மிக்னஸா', அதாவது துடைப்பம். கருவிப் பெயரின் முதலெழுத்தாகிய மீம் இகரம் பெற்று 'மி' என்றே ஒலிக்க வேண்டும் என்பது விதி. விதியைச் சொல்லி முடித்த கையோடு விலக்குகளையும் சொல்லிவிடுவது ஸர்ஃபு நூலாரின் வழக்கம். மாவு சலிக்கும் சல்லடையாகிய 'முன்குல்', மூக்கிலிடும் மருந்துக் கலமாகிய 'முஸ்உத்', சுர்மாக் குப்பியாகிய 'முக்ஹுலா' ஆகியவை உகரம் பெற்று விதிக்கு வெளியே நிற்பவை.

அக்குப்பிக்குரிய கோலுக்கு 'மிர்வத்' என்று ஒரு பெயர். 'மீல்' என்று மற்றொரு பெயர். மீல் என்பதற்கே வழித் தொலைவை அளக்கும் மைல் என்ற பொருளும் உண்டு. சென்ற ஆண்டு இப்பாடத்தை நடத்துகையில் கடைசி வரிசைப் பிள்ளை ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், கண்ணுக்குச் சுர்மா இட ஒரு மைல் நீளத்துக்கா கோல் வேண்டும்?" என்று கேட்டுவிட்டார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும் பாடம் முடிந்து பிள்ளைகள் எழுந்து சென்ற பின்னரும் நம் மனம் அந்தக் கோலை விட்டு அகலவில்லை. சுர்மாக் கோலைக் கையிலெடுத்து இரண்டு முறை தவறியவர் நாம். ஒருமுறை கோலால், மற்றொரு முறை கோல் தொட்ட பொடியால். அவ்விரண்டையும் எழுதிவிடுவதே நேர்மை என்று தோன்றுகிறது.

நமது இல்லத்தில் கண்ணுக்கிடும் கறுப்பு இரு வகையாக இருந்தது. உம்மா ஆக்கியது மை. வாப்பா வைத்திருந்தது சுர்மா. கரிசலாங்கண்ணிச் சாற்றில் மெல்லிய வெள்ளைத் துணியைத் தோய்த்து நிழலில் உலர்த்துவார் உம்மா. மறுபடியும் தோய்த்து உலர்த்துவார். பின்பு அதைத் திரியாகத் திரித்து, ஆமணக்கெண்ணெய் வார்த்த அகலில் இட்டு, இரு புறமும் செங்கல் நிறுத்திப் பித்தளைத் தட்டொன்றை மேலே கவிழ்த்து வைப்பார். ஸுப்ஹுக்கு எழும்போது தட்டின் அடியில் கரி பட்டுப்போல் படிந்திருக்கும். அதைச் சுரண்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்தால் மை. அதற்குக் கோல் தேவையில்லை. மோதிர விரலே போதும். ஐந்து விரல்களில் அழுத்தம் குறைந்தது அந்த விரல் என்பதை உம்மாவுக்கு எவரும் கற்பித்திருக்கமாட்டார்கள். கை தானே கண்டுகொண்ட அறிவு அது.

சுர்மாவோ உலர்ந்த பொடி. விரலில் எடுத்தால் பாதி கன்னத்தில் உதிரும். மீதி விரல் ரேகையில் தங்கும். எனவே அதற்குக் கோல் வேண்டும். தமிழரும் பண்டைநாளில் கோலால்தான் மை எழுதினர் என்பதற்கு வள்ளுவரே சான்று. எழுதும்போது கண் அக்கோலைக் காண்பதில்லை என்பதை உவமையாக்கி, காதலனை நேரில் கண்டவுடன் அவன் குறை தன் கண்ணுக்குப் படவில்லை என்று அவருடைய தலைவி ஒருத்தி கூறுகிறாள். உவமையின் நயம் ஒருபுறம் இருக்கட்டும். சுர்மா இடுவோருக்கு அதிலொரு தொழில் நுட்பமும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கருவியைக் கண்ணிலேயே செலுத்துவதால், பார்வை செய்ய வேண்டிய காவலைக் கை செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தக் காவலை நமக்குக் கற்பித்தவர் வாப்பா. இஷா தொழுது வந்து, படுக்கைக்குச் செல்லுமுன் அவர் குப்பியைத் திறப்பார். கோலைச் செருகி ஒரு முறை சுழற்றி எடுப்பார். எடுத்ததும் குப்பியின் வாயில் இரண்டு தட்டுத் தட்டுவார். கோலின் நிறம் மாறியிருக்க வேண்டும், ஆனால் பொடி திரண்டு நிற்கலாகாது, அதுவே அளவு. கீழிமையை இடக்கை விரலால் சற்றே தாழ்த்தி, கோலை மூக்கையொட்டிய கண்மூலையில் படுக்கையாக வைத்து, "இப்போது கண்ணை மூடு" என்பார். மூடிய இமைகளுக்கு இடையே கோலை வெளி ஓரம் நோக்கி ஒரே இழுப்பில் எடுப்பார். குத்தலாகப் பிடித்தால் கருவிழியில் கீறும். இழுப்பை நடுவில் நிறுத்தினால் பொடி அங்கே குவிந்து கண்ணீரோடு வழியும். வாப்பாவின் கைக்கு அந்த இரண்டு பிழையும் நேர்ந்ததாக நினைவில்லை. நம் கைக்கு நேர்ந்திருக்கின்றன.

அவரிடம் மூன்று கோல்கள் இருந்தன. குப்பியோடு வந்த பித்தளைக் கோல் ஒன்று. அது நாளடைவில் களிம்பேறும். கண்ணாடிக் கோல் ஒன்று. வழவழப்பில் அதற்கு நிகரில்லை, ஆனால் நுனியில் மணலளவு சில்லுப் பெயர்ந்தாலும் கண்ணுக்கு எமனாகும். மூன்றாவது கருங்காலி மரத்தில் கடைந்தது. கைக்கு இதமானது, ஆனால் வெந்நீரில் போட்டுக் கழுவ முடியாது. எந்தக் கோலையும் முதலில் உதட்டின் உட்புறத்தில் இழுத்துப் பார்ப்பார் வாப்பா. அங்கே உறுத்துவது கண்ணில் கட்டாயம் உறுத்தும் என்பது அவர் கணக்கு. பார்த்த பின் கோலைக் கழுவித் துடைத்துத்தான் குப்பியில் இடுவார். இன்று கேட்டால் எவர்சில்வர் கோலே சிறந்தது என்போம். கொதிநீருக்கும் அஞ்சாது, களிம்பும் ஏறாது. வெள்ளிக் கோல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்போர் உண்டு. ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் பொன், வெள்ளிப் பாத்திரங்களைப் புழங்குவது கூடாது என்று சொல்லுமிடத்தில் சுர்மாக் கோலையும் மறவாமல் சேர்த்துவிட்டு, கண்ணுக்கு மருத்துவ முறையில் அது தேவைப்பட்டாலன்றி என்று விலக்கும் வைக்கின்றன. அத்துணைச் சிறு குச்சியையும் சட்ட வல்லுநர்கள் தப்பவிடவில்லை.

இனி நூல்களுக்கு வருவோம். இமாம் திர்மிதி (ரஹ்) அவர்கள் தொகுத்த ஷமாயிலில் பெருமானார் (ஸல்) அவர்கள் சுர்மா இட்டது பற்றித் தனி அத்தியாயமே உண்டு. இத்மிது என்னும் சுர்மாவை இடுங்கள், அது பார்வையைத் தெளிவாக்கும், இமை மயிரை வளர்க்கும் என்னும் கருத்து அதில் வருகிறது. அண்ணலாரிடம் ஒரு குப்பி இருந்ததும், இரவில் ஒவ்வொரு கண்ணுக்கும் மும்முறை இட்டதும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அறிவிக்கப்படுகின்றன. ஒற்றைப்படையாக இடுதல் நன்று என்பதில் அறிஞர்கள் உடன்படுகின்றனர்; கண்ணுக்கு மூன்றா, அன்றி வலக்கண்ணுக்கு மூன்றும் இடக்கண்ணுக்கு இரண்டுமாக மொத்தம் ஐந்தா என்பதில் இரு கருத்துகள் உள்ளன. நோன்பு நோற்றவர் இடலாமா என்பதில் இமாம்களிடையே வேறுபாடு உண்டு. ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளின்படி நோன்பு முறியாது. இதனை ஒவ்வொரு ரமலானிலும் யாரேனும் வந்து கேட்பதால் இங்கேயே சொல்லி வைத்தோம்.

நாம் ஓதிய நாளில் இவ்வத்தியாயத்தில் எண்ணிக்கையே நம் மனத்தில் பதிந்தது. பொருளை எங்ஙனம் தேர்வது என்னும் பகுதி பதியவில்லை. அதுவும் நூல்களில் இல்லாமற் போகவில்லை. கி.பி. 1350இல் மறைந்த இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் ஸாதுல் மஆதில் இத்மிதைப் பற்றிச் சொல்லும்போது, அது இஸ்பஹானிலிருந்தும் மேற்கு நாட்டிலிருந்தும் வருவது என்றும், எளிதில் நொறுங்குவதும், நொறுங்கிய துணுக்குகள் பளபளப்பதும், உட்புறம் வழவழப்பாக அழுக்கின்றி இருப்பதுமே உயர்ந்தது என்றும் விளக்குகிறார். கல்லைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்து வாங்கிய காலத்தின் பேச்சு அது. அரபியில் கண் மருத்துவருக்கே 'கஹ்ஹால்' என்று பெயர்; சுர்மாக்காரர் என்பது அதன் நேர்ப்பொருள். பக்தாதின் அலீ இப்னு ஈஸா கண் மருத்துவர்களுக்கென்றே எழுதிய 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' என்னும் நூல் பல நூற்றாண்டுகள் பாடநூலாக இருந்தது. கண்ணுக்கிடும் பொடி அக்காலத்தில் மருத்துவர் கையில் இருந்த பொருள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

முதல் தவற்றைச் சொல்வோம். ஓதி முடித்துச் சிறு பிள்ளைகளின் மக்தபில் நாம் பணியேற்ற புதிது. ஆஷூரா நாளன்று காலையில் பிள்ளைகளுக்குச் சுர்மா இடுவது அங்கே நெடுநாளைய வழக்கம். அன்று இத்மிது இட்டவருக்குக் கண்ணோயே வாராது என்றொரு செய்தியும் ஹதீதென்ற பெயரில் வாய்வழியாக உலவிக்கொண்டிருந்தது. முப்பதுக்குக் குறையாத பிள்ளைகள் வரிசையில் நின்றனர். நம் கையில் ஒரு குப்பி, ஒரே கோல். மூன்றாவதோ நான்காவதோ நின்ற பிள்ளையின் கண் சற்றே சிவந்திருந்ததை நாம் கண்டோம். கண்டும், சுர்மா அதற்கும் நல்லதே என்றெண்ணி இட்டோம். கோலைத் துடைக்கவுமில்லை. அடுத்த வாரம் மக்தபில் பாய்கள் பாதி காலியாகக் கிடந்தன. வந்த பிள்ளைகளும் பீளை கட்டிய கண்ணோடு வந்தனர். நமக்கும் வந்தது.

தெருமுனை மருந்துக் கடையில் நாம் சொட்டு மருந்து வாங்கச் சென்றபோது, கடைக்காரர் நம் ஊரார்தாம், மெல்லிய குரலில், "ஹஜ்ரத், அன்று எத்தனை கோல் வைத்திருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். ஒன்று என்றோம். அவர் மேலே ஒன்றும் சொல்லாமல் மருந்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். ஒரு பிள்ளையின் உம்மா மட்டும் நேரில் வந்து, கோபமில்லாமல், தம் மகனுக்கு இனிமேல் சுர்மா இட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அக்கோபமின்மை நம்மை வருத்தியது.

அதன் பிறகே அந்த ஆஷூராச் செய்தியின் தரத்தைத் தேடிப் பார்த்தோம். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் அதனைப் புனைந்துரைகளின் தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். ஓதும்போதே தெரிந்திருக்க வேண்டியது. பிள்ளைகளின் கண்ணில் பீளை கட்டிய பிறகு தெரிந்துகொண்டோம். அன்று முதல் ஒருவருக்கு ஒரு கோல், ஒருவருக்கு ஒரு குப்பி என்று வைத்துக்கொண்டோம். பெருமானாருக்கு ஒரு குப்பி இருந்தது என்று அறிவிப்பாளர் சொல்லும்போது, அது ஊருக்கெல்லாம் பொதுவான குப்பி என்று அவர் சொல்லவில்லையே என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

ஆண்டுகள் பல கழிந்து, தம்பி மகளின் நிகாஹ் வந்தது. மணமகளுக்கு ஒப்பனை செய்யும் பொறுப்பை நம் இளைய மகள் ஏற்றிருந்தாள். அந்தக் கலையை அவள் முறையாகப் பயின்றவள். அறையின் வாயிலில் நின்று நாம் கண்ட காட்சி வியப்பளித்தது. மேசைமீது ஒரு துணிச் சுருள் விரிந்து கிடந்தது. அதன் மடிப்புகளில் இருபதுக்கும் மேற்பட்ட தூரிகைகள். கண்ணிமைக்கு மட்டும் இத்தனையா என்றோம். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். மயிர் நெருங்கித் தட்டையாக இருப்பது வண்ணப் பொடியை இமைமேல் அழுத்தி ஒற்றுவதற்கு. அதை இழுத்தால் பொடி உதிரும், ஒற்றினால் நிற்கும். நீண்டு பூப்போல் விரிந்திருப்பது இமையின் மடிப்பில் வண்ணத்தின் ஓரத்தைக் கலைப்பதற்கு. காம்பின் கடைசியில் பிடித்துத் துடைப்பதுபோல் வலமும் இடமும் அசைக்க வேண்டும், கிட்டப் பிடித்தால் அழுத்தம் கூடிக் கோடு விழும். பென்சில் முனை போன்றது கீழிமை மயிரோரத்துக்கு. மின்னும் பொடிகளில் காக்காப்பொன் கலந்திருப்பதால் அவற்றுக்குத் தூரிகையை விட விரலே சிறந்ததாம். எந்த விரல் என்று கேட்டோம்.

"மோதிர விரல்தான் வாப்பா. அதுதான் அழுத்தாது" என்றாள்.

அவளுடைய வாப்பும்மா விரலை அவள் கண்டதில்லை. அவள் பிறக்குமுன்பே நம் உம்மா மறைந்துவிட்டார்கள்.

தூரிகையில் பொடியை எடுத்ததும் பெட்டியின் விளிம்பில் அவள் இரண்டு தட்டுத் தட்டியதையும் கண்டோம். பின்பு நம் மார்க்கக் கவலையைக் கேட்டோம். இவற்றோடு வுளூ நிறைவேறுமா? அவள் நம்மினும் தெளிவாக விடையிறுத்தாள். வெறும் பொடி நீரில் கரைந்துவிடும். நீர் புகாத கோடுகளும் மெழுகு போன்ற பூச்சுகளும் தோலின்மேல் படலமாக நிற்கும். அவற்றை எண்ணெயிட்டு அகற்றிய பின்னரே வுளூ. ஆதலால் மணமகளை இஷா தொழ வைத்துவிட்டே ஒப்பனையைத் தொடங்கியதாகச் சொன்னாள். நீர் சேர்வதைத் தடுக்கும் பருப்பொருள் என்று நம் சட்ட நூலார் எழுதியதை அவள் பஞ்சும் எண்ணெயும் கொண்டு விளக்கிவிட்டாள்.

ஒரு பெண்ணை முடித்து மற்றொரு பெண்ணுக்குச் செல்லுமுன் அவள் தூரிகைகளை ஒரு நீர்மத்தில் நனைத்துத் துடைத்து உலர வைத்தாள். ஆல்கஹால் என்றாள். நாம் சிரித்தோம், ஏன் என்று கேட்டாள். அச்சொல்லே 'அல்குஹ்ல்', அதாவது சுர்மா, என்னும் அரபுச் சொல்லிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. முதலில் மிக நுண்ணிய பொடியையும், பின்பு எதனின்றும் வடித்தெடுத்த சாரத்தையும், கடைசியில் வடித்த மதுச் சாரத்தையும் குறிக்கலாயிற்று என்று சொன்னோம். அவள் தலையசைத்துவிட்டு வேலையில் ஆழ்ந்தாள். மக்தபின் அந்த ஒற்றைக் கோல் நம் நினைவுக்கு வந்தது. அதை நாம் அவளிடம் சொல்லவில்லை.

இரண்டாவது தவறு இதனினும் கடியது. 2022இல் உம்ராவுக்குச் சென்றிருந்தோம். திரும்புங்கால் பேரீச்சம்பழமும் ஜம்ஜமும் வாங்குவதுபோலச் சுர்மாவும் வாங்கினோம். கடையின் பெயர் வேண்டாம். மேலுறையில் இத்மிது என்று அழகிய அரபு எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதற்கு மேல் நாம் எதுவும் கேட்கவில்லை. மூத்த மகளின் குழந்தை அப்போது ஏழு மாதம். தினமும் இரவில், புதிய எவர்சில்வர் கோலால், அவளுக்கென்றே வைத்த குப்பியிலிருந்து, வாப்பா கற்பித்த முறைப்படி இட்டோம். கோலில் பிழையில்லை, கையிலும் பிழையில்லை. குழந்தை கண்ணைக் கசக்கும்; கசக்கிய விரலை வாயில் வைக்கும். எல்லாக் குழந்தைகளும் செய்வது அது.

ஒரு வயது நிறையுமுன் குழந்தை வெளிறியது. உணவில் விருப்பமற்றுப் போயிற்று. மருத்துவர் இரத்தத்தை ஆய்வுக்கு அனுப்பினார். வந்த முடிவில் ஈயம் இருந்தது. டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் அது எங்கிருந்து வருகிறதென்று தேடி நீக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த நெறி; தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு ஈயத்துக்கு இல்லவே இல்லை என்பதும் அந்நிறுவனத்தின் கூற்று. மருத்துவர் வீட்டுச் சுவரின் வண்ணத்தைக் கேட்டார், பாத்திரங்களைக் கேட்டார், நாட்டு மருந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டார். கடைசியில் குழந்தையின் இமையோரத்தைப் பார்த்து, "இது என்ன?" என்றார். மகள் நம்மைத் திரும்பிப் பார்த்தாள்.

மருமகன் அக்குப்பியை ஆய்வுக் கூடமொன்றுக்கு அனுப்பினார். எடையில் பாதிக்கு மேல் ஈயம் என்று விடை வந்தது. அதன் பிறகு நாம் படித்தறிந்தவை இவை. சுர்மா என்ற பெயரில் விற்பவற்றில் பல 'கலீனா' என்னும் ஈயக் கல்லின் பொடி. ஈயமும் கந்தகமும் சேர்ந்த அக்கல் தூயதாயின் நூற்றில் எண்பத்தாறு பங்குக்கு மேல் ஈயமே. அஞ்சனக்கல் என்று நம் நாட்டார் சொல்வதோ ஆண்டிமனியும் கந்தகமும் சேர்ந்தது. இரண்டும் கருமை, இரண்டும் பளபளப்பு, இரண்டும் எளிதில் நொறுங்குபவை. கல்லாக இருக்கும்போது, கலீனா கனமாகவும் கனசதுரங்களாக உடைவதாகவும், மற்றது இலேசாகவும் ஊசி ஊசியாக விரிவதாகவும் இருப்பதால் தேர்ந்த கண் வேறுபடுத்தும். பொடியாகிவிட்டால் எந்தக் கண்ணும் அறியாது. ஆண்டிமனியும் குழந்தைக்கு உகந்த பொருளன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இது புதிய செய்தியுமன்று. சுர்மாவையும் ஈய நஞ்சையும் பற்றிய ஆய்வுரை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 1978இலேயே வந்திருக்கிறது. நாம் அப்போது மக்தபில் அலிஃப், பே ஓதிக்கொண்டிருந்தோம்.

யமாமாவின் ஸர்காவைப் பற்றி அரபு இலக்கியம் ஓதியவர் அறிவர். மூன்று நாள் வழித் தொலைவில் வருவதையும் காணும் கண்ணுடையவள் என்பது பழங்கதை. மரக்கிளைகளை ஏந்தி மறைந்து வந்த படையை அவள் கண்டு சொன்னபோது அவள் குலத்தார் நம்பவில்லை. வென்ற பகைவர் அவள் கண்களைப் பறித்துப் பார்க்க, உள்ளே நரம்புகள் கறுத்திருந்தன என்றும், அது இத்மிதின் கறுப்பு என்றும் கதை முடியும். முப்பது ஆண்டுகளாக இதனை அவள் பார்வையின் கூர்மைக்குக் காரணம் சொல்லும் கதையாகவே பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வந்தோம். ஆய்வு முடிவைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அன்று அந்தக் கறுத்த நரம்புகள் வேறுவிதமாக நினைவுக்கு வந்தன.

பள்ளிவாசலில் இதை நாம் மறைக்கவில்லை. சுர்மாக் குப்பிகளைக் குழந்தைகளிடமிருந்து அகற்றுங்கள் என்று ஒரு ஜும்ஆவுக்குப் பின் எழுந்து சொன்னோம். நம்மினும் மூத்த ஒருவர், நாம் மதிப்பவர், வாயிலில் நம் கையைப் பற்றிக்கொண்டு, "ஹஜ்ரத், ஸுன்னத்தை விடச் சொல்லவா இத்தனை காலம் ஓதினீர்கள்?" என்றார். அவர் கண்களில் சுர்மா இருந்தது, நீரும் இருந்தது.

அவருக்கு அன்று சொன்ன விடையை இங்கும் எழுதுகிறோம். பெருமானார் (ஸல்) அவர்கள் பெயர் சொல்லிக் காட்டியது இத்மிதை. அவர்கள் காலத்து இத்மிது எந்தக் கல் என்பதிலேயே இன்றைய ஆய்வாளர்கள் ஒருமித்திருக்கவில்லை. இப்னுல் கையிம் சொன்னபடி உடைத்துப் பார்த்து வாங்கும் கல்லாக அது நம்மிடம் வரவில்லை. பெயரொட்டிய பொடியாக வந்தது. பெயரை நம்பியதை ஸுன்னத்தைப் பின்பற்றியதாக எண்ணிக்கொண்டோம். ஹதீதுகளில் வரும் மருத்துவக் குறிப்புகள் அரபு நாட்டு வழக்கத்தைச் சார்ந்தவை, மார்க்கத்தைக் கற்பிக்கவே நபி அனுப்பப்பட்டார்கள் என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் எழுதியிருக்கிறார். அதனை ஏற்காத பெரியோரும் உளர். நாம் அவ்வழக்குக்குள் புகவில்லை. இமாம் நவவியின் நாற்பது ஹதீதுகளில் ஒன்றாக நாம் சிறுவயதில் மனனம் செய்தது, தீங்கிழைப்பதையும் தீங்குக்குத் தீங்கு செய்வதையும் விலக்கும் ஹதீது. குழந்தையின் இரத்தத்தில் ஈயத்தைக் கண்ட பின் அதனை ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் ஓத நமக்கு நாவெழாது. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கணவரை இழந்து இத்தாவில் இருந்தபோது கண்ணிலிட்ட கற்றாழைப் பிசினையும், இரவில் இட்டுப் பகலில் அகற்றிவிடுமாறு அண்ணலார் சொன்னதாக அறிவிப்பு உண்டு. எதை, எப்போது, எந்த நிலையில் என்று பார்க்கும் கண் அங்கே இருந்தது.

பெரியவர் கேட்டுக்கொண்டார், கையை விட்டார். ஏற்றுக்கொண்டாரா என்பது நமக்குத் தெரியாது. அவர் பேரனுக்கு இப்போது சுர்மா இடுவதில்லை என்று பின்னர் கேள்வியுற்றோம்.

குழந்தைக்கு வேறு மருந்து தேவைப்படவில்லை. சுர்மாவை நிறுத்தி, இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள உணவைக் கூட்டச் சொன்னார் மருத்துவர். வீட்டில் ஆக்கும் மையும் வேண்டாம், கைக்குழந்தையின் கண்ணுக்குள் எதுவுமே வேண்டாம் என்றார். மூன்று மாதம் கழித்து எடுத்த ஆய்வில் 9, அடுத்ததில் 6, அதற்கடுத்ததில் 4. ஒவ்வொரு முறையும் ஊசி குத்தும்போது மகள் குழந்தையைப் பிடித்துக்கொள்வாள். நாம் வெளியே நிற்போம். ஈயம் எலும்பில் தங்கிப் பல ஆண்டுகள் இருக்கும் என்று படித்திருக்கிறோம். அவள் இப்போது பேசுகிறாள், ஓடுகிறாள், சிறு சூராக்கள் மூன்றை ஓதுகிறாள். ஆயினும் ஒரு சொல்லை அவள் மறக்கும்போதெல்லாம் நம் நெஞ்சு ஒரு கணம் நிற்கிறது.

இவ்வாண்டு ஷமாயிலில் அவ்வத்தியாயம் வந்தபோது வழக்கம்போல் முழுவதும் ஓதிக் கொடுத்தோம். அறிவிப்பாளர் வரிசையையும், அதிலுள்ள குறை நிறைகளையும், எண்ணிக்கை பற்றிய இரு கருத்துகளையும் சொன்னோம். பின்பு மேசையிலிருந்து அந்தக் குப்பியை எடுத்துக் காட்டினோம். மூடியை நன்கு இறுக்கி, கண்ணாடித்தாளில் சுற்றி, ஆய்வுக் கூடத்தின் தாளையும் உடன் கட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வாங்கி, திறக்காமல், மேலுறையில் இருந்த அரபு எழுத்தை வாசித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தனர். மைல் கேள்வி கேட்ட பிள்ளை மட்டும் அந்தத் தாளைப் புரட்டி அதன் மறுபக்கத்தையும் படித்துக்கொண்டிருந்தார்.